இரு நிற மஃப்ளர் பின்னுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கைவேலைப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இரண்டு நிற உல்லன் நூலால் கழுத்துக்கு மஃப்ளர் பின்னுவதைப் பற்றியவை. எழுதியவர்களில் பலரும் சென்னையில் இருந்துகொண்டு, குளிர் ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் முதன்முறையாக ஊசியைக் கையில் எடுத்தவர்கள். அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்காக தில்லிக்குச் சென்றிருக்கிறாள். டிசம்பர் குளிர் தொடங்குவதற்குள் மெரூன், கிரீம் ஆகிய இரண்டு நிறங்களில் ஒரு மஃப்ளர் பின்னி அனுப்ப விரும்புகிறேன். சிறுவயதில் குரோஷே ஊசியால் மேசைவிரிப்பு பின்னியிருக்கிறேன். இரண்டு ஊசிப் பின்னல் தெரியாது. எவ்வளவு நூல் வாங்க வேண்டும், எந்த ஊசி ஏற்றது, எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: குரோஷே தெரிந்தவர் என்பதால் நூலைத் தளராமலும் இறுகாமலும் பிடிக்கும் பழக்கம் உங்கள் விரல்களுக்கு ஏற்கெனவே இருக்கும். சென்னையில் அந்தக் கலைக்குக் குறைவில்லை. 2016 ஜனவரியில் ‘மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை இதே ஊரில் விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஆனால் குரோஷேயில் ஒவ்வொரு பின்னலும் முடிந்ததும் ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும்; இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே இருக்கும். ஆகவே வேலையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்போது, கண்ணிகளை ஊசியின் குமிழ் உள்ள முனைக்குத் தள்ளிவிட்டு எழ வேண்டும்.

ஊசி வாங்கும்போது எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நம் ஊர்க் கடைகளில் வழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் எண் கூடினால் ஊசி தடிக்கும். அதனால் 8ஆம் எண் ஊசி என்பது இங்கே 4 மில்லிமீட்டர், இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கச் செய்முறைகளில் 5 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் அளவைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. உங்களுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி, முடிந்தால் மூங்கிலில் செய்தது, பொருத்தமாக இருக்கும். உலோக ஊசியில் கண்ணி வழுக்கும், புதியவர்களுக்கு அது தொல்லை.

நூலுக்குச் சவுக்கார்பேட்டை, பாரிமுனைப் பக்கத்துத் தையல் சாமான் கடைகளிலோ, தி.நகர் ஃபேன்ஸி ஸ்டோர்களிலோ கேட்டுப் பாருங்கள். வாசல் தோரணம் கட்டுவதற்கென்று விற்கும் முரட்டு உல்லன் நூலைத் தவிர்த்து விடுங்கள். அது கழுத்தில் அரிக்கும். உருண்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். 100 கிராமுக்கு 200 முதல் 240 மீட்டர் வரை வரும் தடிமனில், ஒவ்வொரு நிறத்திலும் 100 கிராம் வாங்கினால் போதும். உருண்டையின் உறையில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் அச்சிட்டிருக்கும். ஒரே நிறத்தில் இரண்டு உருண்டை வாங்கினால் அந்த எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு விளக்கில் தெரியாத வேறுபாடு, வெயிலில் பளிச்சென்று தெரியும்.

மெரூனும் கிரீமும் நல்ல சேர்க்கை. ஒன்று அடர்ந்தும் மற்றது வெளிறியும் இருந்தால்தான் பட்டைகள் தூரத்திலிருந்தும் தெரியும். இரு உருண்டைகளையும் சேர்த்து வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் இதைச் சோதித்துக்கொள்ளலாம். ஆனால் மெரூன் சாயம் இறங்கக்கூடிய நிறம். ஒரு முழ நீளத் துண்டை வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் அந்த உருண்டை கிரீம் நிறத்துக்குத் துணையாகாது.

பின்னலில் நீங்கள் முதலில் கற்க வேண்டியது இரண்டே செயல்கள்: கண்ணி ஏற்றுவதும் (அதாவது தொடக்கக் கண்ணிகளை ஊசியில் போடுவதும்), நிட் என்னும் நேர்ப்பின்னலும். வலக்கை ஊசியை இடக்கை ஊசியின் முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, நூலை அதன் முனையில் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே முன்னே இழுத்து, பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து நழுவவிட்டால் ஒரு நிட் முடிந்தது. எல்லா வரிசையையும் இப்படியே பின்னினால் வருவது கார்ட்டர் பின்னல். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு என்ற கணக்கில் இருபுறமும் ஒரே மாதிரி அமையும், தட்டையாகக் கிடக்கும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (நிட்டுக்கு நேர்மாறான பின்னல்) என்று மாற்றிப் பின்னும் வழவழப்பான ஸ்டாக்கிங் பின்னல் பார்வைக்கு அழகாக இருந்தாலும், ஓரங்கள் உட்புறமாகச் சுருண்டு மஃப்ளர் குழாய் போலாகிவிடும்; துவைத்தாலும் அந்தச் சுருட்டல் முழுதாகப் போகாது. முதல் மஃப்ளருக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதலில் 24 கண்ணி ஏற்றி, உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதன் நடுப்பகுதியில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 20 வந்தால், 36 கண்ணிக்கு 18 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். கார்ட்டர் பின்னலில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 40 வரிசை பிடிப்பதால், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 600 வரிசை, அதாவது 300 மேடு வரும். மொத்தம் 21,600 கண்ணி. நிமிடத்துக்குப் பதினைந்து கண்ணி என்று நிதானமாகப் போட்டாலும் 24 மணி நேர வேலை. தில்லியில் ஜனவரியில் இரவு வெப்பநிலை பல நாள்கள் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்பதால், ஆயுத பூஜைக்குள் ஊசியை எடுத்துவிட்டால் அவசரப்படாமல் முடிக்கலாம்.

கண்ணி ஏற்றும்போது ஏறத்தாழ ஒரு மீட்டர் நூலை வாலாக விட்டுக்கொண்டு, இதற்கு மட்டும் ஓர் அளவு தடித்த ஊசியைப் பயன்படுத்துங்கள். தொடக்க விளிம்பு இறுகிப்போய் மஃப்ளரின் ஒரு முனை குறுகி நிற்பது புதியவர்களிடம் எப்போதும் காணப்படும் குறை. பின்னர் மெரூனில் இரண்டு வரிசை, கிரீமில் இரண்டு வரிசை என்று மாற்றிக்கொண்டே போங்கள். இரட்டைப்படை எண்ணிக்கையில் வரிசைகள் முடிந்த பிறகுதான் நிறம் மாற்ற வேண்டும். இரண்டு வரிசை முடிந்ததும் கை மீண்டும் தொடங்கிய ஓரத்துக்கே வந்துவிடும், மற்ற நிற நூலும் அங்கேதான் காத்திருக்கும். மூன்று வரிசை பின்னினால் நீங்கள் ஒரு ஓரத்திலும் நூல் எதிர் ஓரத்திலும் நிற்க நேரும்.

இன்னொன்று: நிறம் மாறும் வரிசையின் முன்பக்கத்தில் கோடு நேராக வெட்டினாற்போல் விழும், பின்பக்கத்தில் அதே இடத்தில் இரு நிறமும் புள்ளிபுள்ளியாகக் கலந்து தெரியும். அது பிழையன்று, கார்ட்டர் பின்னலின் இயல்பு. ஆனால் எல்லா மாற்றங்களும் ஒரே பக்கத்தில் நிகழ வேண்டும் என்பதால், முன்பக்கத்தில் ஒரு சேஃப்டி பின்னைக் குத்தி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு உருண்டைகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சிக்காகிவிடுகின்றன. மஃப்ளரின் வலப்பக்க ஓரம் சுருக்கம் விழுந்து உள்ளே இழுக்கிறது. இடப்பக்கமோ நேராக இருக்கிறது. ஒவ்வொரு பட்டைக்கும் நூலை வெட்டி முடிச்சுப் போடுவதுதான் வழியா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம். இரண்டு வரிசைப் பட்டைக்கு நூலை வெட்டினால், ஒன்றரை மீட்டர் மஃப்ளரில் நூற்றுக்கணக்கான நுனிகளை ஒளித்துவைக்க வேண்டியிருக்கும். முடிச்சுகளோ கழுத்தில் உறுத்தும், துவைக்கத் துவைக்க அவிழவும் செய்யும். இரு நிற மஃப்ளரைப் பார்த்தவுடன் பின்னியவரின் கைத்தேர்ச்சி தெரியும் இடம் ஓரம்தான். நடுப்பகுதி யார் பின்னினாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

சுருக்கத்துக்குக் காரணம், காத்திருந்த நூலை மேலே எடுக்கும்போது நீங்கள் அதை இழுத்துப் பிடிப்பதே. கிரீம் நூல் இரண்டு வரிசைக்குக் கீழே, வலப்பக்க ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்து முதல் கண்ணியைப் போடும்போது ஓட்டை விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் விரல் தானாக இறுக்குகிறது. அந்த இரண்டு வரிசை உயரம் ஒரு வரிசை உயரமாகக் குறுகுகிறது. ஒவ்வொரு பட்டையிலும் இது நிகழ்ந்தால் அந்த ஓரம் முழுவதும் கொசுவம் வைத்ததுபோல் ஆகிவிடும். முதல் இரண்டு கண்ணிகளைப் போட்டவுடன் நிறுத்தி, அந்த ஓரத்தை மேலும் கீழுமாக இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இடப்பக்க ஓரம் எவ்வளவு நீள்கிறதோ, வலப்பக்கமும் அவ்வளவு நீள வேண்டும். நீளவில்லையென்றால் அந்த இரண்டு கண்ணிகளை அவிழ்த்துத் தளர்த்திப் போடுங்கள். அங்கே அரை நிமிடம்தான் செலவாகும்.

நூலை மாற்றும் முறையும் ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பின்னி முடித்த மெரூன் நூலை முன்புறமாக இடப்பக்கம் விட்டுவிட்டு, கிரீம் நூலை அதன் அடியிலிருந்து எடுங்கள். அடுத்த பட்டையில் கிரீமை இடப்பக்கம் விட்டு மெரூனை அதன் அடியிலிருந்து எடுங்கள். ஒருமுறை அடியிலிருந்தும் மறுமுறை மேலிருந்தும் எடுத்தால் ஓரத்தில் கோர்வை குலையும்.

ஓரத்துக்கென்று பலரும் சொல்லும் உத்தி, ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் அப்படியே வலக்கை ஊசிக்கு மாற்றுவது. ஒற்றை நிறத்தில் அது சங்கிலி போல் அழகாக வரும். இரண்டு நிறத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. நிறம் மாறும் வலப்பக்க ஓரத்தில் முதல் கண்ணியைப் பின்னாமல் விட்டால், புது நிறம் இரண்டாம் கண்ணியிலிருந்துதான் தொடங்கும். பழைய நிறம் ஒரு கண்ணி அளவுக்கு மேலே ஏறி நிற்கும். ஆகையால் வலப்பக்கத்தில் எப்போதும் முதல் கண்ணியைப் பின்னுங்கள். திரும்பி வரும் வரிசையில், அதாவது இடப்பக்கத்தில் மட்டும், நூலை முன்னே வைத்துக்கொண்டு முதல் கண்ணியை மாற்றிவிட்டு, பிறகு நூலைப் பின்னே கொண்டுபோய் மற்றவற்றைப் பின்னுங்கள்.

சிக்கலுக்கு வருவோம். வரிசை முடிந்து வேலையைத் திருப்பும்போது, ஒருமுறை கடிகார முள்ளின் திசையிலும் அடுத்த முறை எதிர்த்திசையிலும் திருப்பினால், திருப்புவதால் ஏறும் முறுக்கு உடனுக்குடன் இறங்கிவிடும். உருண்டைகளை ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கில் போட்டு, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்துக்கொள்வதும் நல்லது. மின்விசிறிக் காற்றில் அவை கட்டிலடிக்கு உருண்டு ஓடமாட்டா.

பட்டையை அகலமாக்க விரும்பினால், நான்கு வரிசைக்கு மேல் நூலைச் சும்மா தொங்கவிடக் கூடாது. இரண்டு வரிசைக்கு ஒருமுறை, பின்னும் நூலைக் காத்திருக்கும் நூலின் மேல் ஒரு தடவை குறுக்கே விட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து வரிசையைத் தாண்டும் பட்டைக்கு மட்டும் நூலை 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டலாம். அந்த நுனியை மழுங்கிய ஊசியில் கோத்து, அதே நிற மேட்டுக்குள் ஒரு திசையில் ஓட்டி, பின் திரும்பி எதிர்த்திசையிலும் கொஞ்ச தூரம் ஓட்டினால் பிரியாது.

கேள்வி: என் பத்து வயது மகள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். அவள் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிக் கற்க வேண்டுமா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: வேண்டியதில்லை. பின்னலில் இரு கைகளும் வேலை செய்கின்றன. எழுதுவதைப் போல் ஒரு கையே எல்லாம் செய்வதில்லை. நூலை இடக்கை ஆள்காட்டி விரலில் சுற்றிப் பிடித்து, ஊசி முனையால் அதைக் கொத்தி எடுக்கும் ஐரோப்பிய முறையைச் சொல்லிக்கொடுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களில் பலருக்கு அது எளிதில் கைவருகிறது. அச்சிட்ட செய்முறைகளையும் மாற்றிப் படிக்கத் தேவையிருக்காது.

கேள்வி: 36 கண்ணியில் தொடங்கினேன். ஒரு முழம் பின்னிய பிறகு எண்ணினால் 41 இருக்கின்றன. மஃப்ளர் விசிறி போல் விரிந்துகொண்டே போகிறது. கண்ணிகள் எங்கிருந்து வருகின்றன?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: இரண்டு வழிகளில் வந்திருக்கலாம். உங்கள் துணியில் நடுவே சிறு ஓட்டைகள் தெரிந்தால், நூல் முன்பக்கம் கிடக்கும்போதே நிட் போட்டிருக்கிறீர்கள். அப்போது நூல் ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த வரிசையில் தனிக் கண்ணியாக எண்ணப்பட்டுவிடும். ஓட்டை இல்லாமல் ஓரம் மட்டும் படிப்படியாக வெளியே போகிறதென்றால், குற்றம் வரிசையின் முதல் கண்ணியில் இருக்கிறது. வேலையைத் திருப்பியவுடன் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னே இழுத்தால், முதல் கண்ணியின் அடியில் இருக்கும் இரு கால்களும் ஊசியின் மேல் ஏறி, ஒரு கண்ணி இரண்டாகத் தோன்றும். நீங்கள் இரண்டையும் பின்னிவிடுவீர்கள். திருப்பியதும் நூலைக் கீழே இறக்கி, ஊசிக்கு அடியில் பின்புறமாகக் கொண்டுபோன பிறகு பின்னத் தொடங்குங்கள்.

இரு நிற மஃப்ளருக்கு ஒரு வசதி உண்டு: நிறம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் எப்படியும் நிறுத்துகிறீர்கள், அங்கேயே 36 இருக்கிறதா என்று எண்ணிவிடலாம். கூடுதலாக ஒன்று கண்டால் கடைசி இரண்டு வரிசைக்குள்தான் அது பிறந்திருக்கும், தேடுவது எளிது. இப்போதைய ஐந்து கண்ணிகளை என்ன செய்வது என்பது உங்கள் மனத்தைப் பொறுத்தது. இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, சில வரிசைகளில் பரவலாகக் குறைத்துவிடலாம். ஆனால் விரிந்த பகுதி விரிந்தபடியே இருக்கும். ஒரு முழம்தான் ஆகியிருக்கிறது என்பதால், நானாக இருந்தால் அவிழ்த்துவிடுவேன்.

கேள்வி: லண்டனில் இருக்கும் பேரனுக்குச் சேப்பாக்கம் அணியின் மஞ்சள் நிறத்திலும் அடர் நீலத்திலும் மஃப்ளர் பின்னுகிறேன். நடுவில் பெரிதாக ‘7’ என்ற எண் வர வேண்டும் என்று அவன் கேட்கிறான். பின்னலிலேயே கொண்டுவர முடியுமா?
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: முடியும், ஆனால் முதல் மஃப்ளரில் முயல வேண்டாம். ஒரே வரிசைக்குள் இரு நிறமும் மாறிமாறி வர வேண்டுமானால், பயன்படாத நூல் துணியின் பின்புறத்தில் நீளநீளமாக ஓடும். ஸ்வெட்டரில் அது உட்புறம் மறைந்துவிடும். மஃப்ளருக்கோ இரண்டு பக்கமும் வெளியே தெரியும். அந்த ஓட்டங்களில் விரலும் சட்டைப் பொத்தானும் மாட்டும். ஐந்து கண்ணிகளுக்கு மேல் நீளும் ஓட்டத்தை இடையில் பிடித்துக் கட்ட வேண்டும், சற்று இறுகினாலும் துணி சுருங்கும். எண் என்பது ஓரிடத்தில் மட்டும் வரும் வடிவம் ஆதலால், அதற்காக நூலை வரிசை முழுவதும் இழுத்துச் செல்வதும் வீண்.

மஃப்ளரைப் பட்டைகளாகவே பின்னி முடியுங்கள். நீல நூலில் 20 கண்ணி அகலத்துக்கு ஒரு சிறு சதுரத்தை ஸ்டாக்கிங் பின்னலில் தனியே பின்னி, அதன் ‘வி’ வடிவக் கண்ணிகளின் மேலேயே மஞ்சள் நூலை மழுங்கிய ஊசியால் ஓட்டி எண்ணை வரையுங்கள். பின்னலில் வந்ததா, பிறகு ஓட்டியதா என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சதுரத்தை மஃப்ளரின் ஒரு முனையில் வைத்துத் தைத்துவிட்டால் ஓரம் சுருளவும் வழியில்லை. நடுவில் வைத்தால் கழுத்துக்குப் பின்னால் போய்விடும், பேரனுக்கு அதனால் பயன் இராது.

கேள்வி: அலுவலக ஏ.சி.யில் போட்டுக்கொள்ள எனக்கே ஒன்று பின்ன நினைக்கிறேன். சென்னைக்குப் பருத்தி நூல்தான் ஏற்றது என்கிறார்கள். முடித்த பிறகு எப்படித் துவைப்பது, இஸ்திரி போடலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: உடுத்துவதற்குப் பருத்தி ஏற்றதுதான், பின்னக் கற்பதற்கு ஏற்றதன்று. பருத்தி நூலுக்கு மீள்தன்மை குறைவு. ஒரு கண்ணி தளர்ந்தால் தளர்ந்தபடியே காட்டிக்கொடுக்கும், கைவிரல்களும் சீக்கிரம் களைத்துப்போகும். தன் எடையாலேயே நாளடைவில் நீளவும் செய்யும் என்பதால், பருத்தியில் பின்னுவதானால் ஒன்றரை மீட்டருக்குப் பதில் 130 சென்டிமீட்டரில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் முயற்சிக்கு அக்ரிலிக் என்னும் செயற்கை இழையில் மெல்லிய நூலை எடுத்து, ஊசியை மட்டும் 5 மில்லிமீட்டராக்கினால், காற்றோட்டமான தளர்ந்த மஃப்ளர் கிடைக்கும்; ஏ.சி. அறைக்கு அது போதும். வியர்த்த கையில் அக்ரிலிக் நூல் ஊசியோடு ஒட்டி இழுக்கும் என்பதால், கைகழுவித் துடைத்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்காருங்கள்.

முடிக்கும் கட்டத்தில், கடைசிக் கண்ணிகளை அவிழாதபடி மூடுவதற்கு மஃப்ளர் அகலத்தைப் போல் நான்கு மடங்கு நூலாவது மிச்சம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பின்னல் வரிசைக்கும் ஏறத்தாழ அதே அளவு செலவாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், உருண்டையின் கடைசியில் இன்னொரு பட்டை போடலாமா கூடாதா என்று அளந்து முடிவுசெய்யலாம். மூடும்போது கையைத் தளர்த்திப் போடுங்கள்.

துவைப்பது நூலுக்கு நூல் வேறுபடும். அக்ரிலிக் மஃப்ளரைத் தண்ணீரில் மென்மையான சோப்பு நுரையிட்டுக் கையால் அமுக்கித் துவைக்கலாம். சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன்மேல் வைக்கவே கூடாது, இழை இளகித் துவண்டுவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. அசல் கம்பளி நூலாக இருந்தால் வெந்நீரும் வாஷிங் மெஷினும் ஆகாது. இழைகள் பிணைந்து துணி தடித்துச் சுருங்கிவிடும். எந்த நூலானாலும் முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீளும் என்பதால், பாயில் உலர்ந்த துண்டை விரித்து, அதன்மேல் மஃப்ளரை 18 சென்டிமீட்டர் அகலத்துக்கு அளந்து, ஓரங்களை நேராக்கி, நிழலில் காயவையுங்கள். சென்னை ஈரக்காற்றில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகை மாதங்களில், வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும் மேடுகளுக்கு இடையில் ஈரம் நிற்கும். நன்றாகக் காய்ந்தபின் மடித்து, கம்பளியாக இருந்தால் காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து கூடவே வைத்து அலமாரியில் அடுக்குங்கள்.